பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளும் யாழ்ப்பாணச் சமூக வாழ்வும்: ஓர் ஆய்வுநோக்கு

1

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் பத்திரிகைகளுக்கென ஓர் இயலை ஒதுக்கியுள்ளனர். அவ்வியல் பெரும்பாலும் இரண்டு வகையில் அமைந்துவிடுகின்றது. ஒன்று, பட்டியல்: எப்பத்திரிகை எவ்வாண்டு, எவரால், எங்கிருந்து வெளிவந்தது என்பது. 1831 இல் சென்னையில் வெளிவந்த தமிழ் மகசீன் முந்தியதா, 1841 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த உதயதாரகை முந்தியதா என்னும் வினா இப்பட்டியலோடு ஒட்டிப் பிறப்பது. மற்றையது, வாதம்: கிறித்தவக் கண்டனமும் சைவ மறுப்பும் எங்ஙனம் பத்திரிகைப் பக்கங்களில் மோதின, எவர் வென்றார் என்பது. இவ்விரண்டும் வேண்டாதன என்று நாம் கூறவில்லை. ஆனால் பத்திரிகைகளிலிருந்து ஒரு நூற்றாண்டின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு இவை போதா. பட்டியல் பத்திரிகையின் பிறப்பைச் சொல்கின்றது. வாதம் அதன் உரத்த குரலைச் சொல்கின்றது. அப்பத்திரிகை வெளிவந்த நாளில் நெல்லை விதைத்தவன், புகையிலையைக் கட்டியவள், கொள்ளைநோயில் மாண்டவன் ஆகியோர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

பத்திரிகையைச் சமூக வரலாற்றுக்கான சான்றாகக் கொள்வது மார்க்சிய மரபுக்குப் புதியதன்று. கார்ல் மார்க்ஸ் தாமே பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டவர். 1853 இல் நியூ யோர்க் டெய்லி திரிபியூன் பத்திரிகைக்கு இந்தியா பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் யாவரும் அறிந்தவை. எனினும், அவர் பத்திரிகையை எங்ஙனம் வாசித்தார் என்பதே இங்கு நமக்கு முக்கியமானது. 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாந் தொகுதியில், வேலைநாள் பற்றிய இயலில், 1863 சூன் மாத இறுதியில் லண்டன் நாளேடுகளில் வந்த ஒரு சிறு செய்தியை அவர் எடுத்தாளுகின்றார். மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுத் தையற்பெண், அரசகுடும்ப நடன விருந்தொன்றுக்கான ஆடைகளைத் தைக்கும்பொருட்டு இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல் இடையீடின்றி வேலைசெய்து மாண்ட செய்தி அது. அன்றைய ஏடுகளின் தலையங்கங்கள் ஆயிரம் சொல்லியிருக்கும். ஒரு வர்க்கத்தின் வாழ்வை நிறுவுதற்கு அவருக்குப் பயன்பட்டதோ அச்சிறு செய்தியே.

இவ்வாசிப்பு முறையை யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்குப் பொருத்தி நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

எந்தவொரு பத்திரிகையையும் சான்றாகக் கொள்ளுமுன், அது எவர் கையில் இருந்தது என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். அச்சு யாழ்ப்பாணத்துக்கு அதன் சொந்தப் பொருளாதார வளர்ச்சியின் விளைவாக வந்ததன்று. அமெரிக்க மிஷன் 1820 இல் தனக்கென வருவித்த அச்சாளர் இலங்கையில் தங்குவதற்கு அன்றைய ஆட்சியாளர் அனுமதி வழங்கவில்லை. 1834 இலேயே மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் தொழிற்படத் தொடங்கிற்று. 1823 இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்றோர் அதற்கு வேண்டிய எழுத்தாளராயும் வாசகராயும் அமைந்தனர். இவ்விரு நிறுவனங்களின் அடித்தளத்தில் 1841 சனவரி 7 ஆம் நாள் உதயதாரகை தமிழும் ஆங்கிலமும் கலந்த இருமொழிப் பத்திரிகையாக வெளிவந்தது.

அதன் முதற் பத்திராதிபர் இருவரின் பெயர்களும் கென்றி மாட்டின், சேத் பேசன் என்பன. இருவரும் தமிழரே. செமினரி மாணவர் ஒருவரின் உணவுக்கும் கல்விக்கும் பொருளுதவிய அமெரிக்க நன்கொடையாளர், அம்மாணவர்க்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டுவித்தல் அக்கால வழக்கமாயிருந்தது. பத்திரிகையின் முகப்பிலுள்ள இப்பெயர்களே அதன் உற்பத்தி உறவை நமக்குக் காட்டிவிடுகின்றன. எழுதும் கை யாழ்ப்பாணத்தது. அக்கைக்கு ஊதியமும் பெயரும் அளித்தது கடல் கடந்த மூலதனமும் அதன் சமய நிறுவனமும். இதனைக் கூறுவதால் அவ்விருவரின் உழைப்பையோ புலமையையோ நாம் குறைத்து மதிப்பிடுகின்றோமல்லோம். தமிழ் உரைநடை அன்றாட விடயங்களைப் பேசக் கற்றுக்கொண்டதில் அவர்களுக்கும், பின்னர் அப்பத்திரிகையை நடத்திய ஆணல்ட் சதாசிவம்பிள்ளை போன்றோர்க்கும் உரிய இடம் பெரிது.

இந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தோன்றிய பத்திரிகைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஒரு மாற்றம் புலனாகும். 1841 இல் தாரகை. 1863 இல் இலங்காபிமானி. 1876 இல் கத்தோலிக்கரின் பாதுகாவலன். அதனையடுத்து இலங்கை நேசன். 1882 இல் முஸ்லிம் நேசன். 1889 இல் சைவ பரிபாலன சபையின் இந்துசாதனம். முதற் பெயர் ஒளியைச் சுட்டுவது. இருளில் இருப்போர்க்கு அறிவு கொணர்வதாய்த் தன்னை எண்ணிக்கொண்ட ஒரு நிறுவனத்தின் பெயர். பின்வந்தவற்றுட் பல அபிமானம், பாதுகாப்பு, நேசம் என்பவற்றைச் சுட்டுவன. தமக்கென ஒரு குழுமம் உண்டென்றும் அதனைக் காத்தல் வேண்டுமென்றும் உணரத் தொடங்கிய புதிய மத்தியதர வர்க்கத்தின் பெயர்கள். ஐம்பதாண்டுகளுள் பத்திரிகை, அறிவு பரப்புங் கருவியென்ற நிலையிலிருந்து சமூகப் பிரதிநிதித்துவத்துக்கான கருவியென்ற நிலைக்கு மாறியதை இப்பெயர்களே உணர்த்துகின்றன. 1833 ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களால் அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழர்க்கென ஒருவர் நியமனம் பெறும் முறை ஏற்பட்டிருந்தது என்பதையும், 1879 இல் பொன்னம்பலம் இராமநாதனை அதற்கு நியமிக்க வேண்டுமென ஆறுமுக நாவலர் முன்னின்று உழைத்தார் என்பதையும் இங்கு மனங்கொள்ளல் தகும்.

3

சமய வாதங்களை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். மிஷனரிமாரின் கண்டனத்துக்கு எதிராக நாவலர் எழுந்ததை ஏகாதிபத்திய எதிர்ப்பின் முதற் குரலாகக் கொள்வாருளர். நிலவுடைமைச் சாதியமைப்பின் பாதுகாப்பாகக் கொள்வாருமுளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின் இரு கூற்றும் வாதத்தின் சொற்களையே நோக்குகின்றன. வாதம் நிகழ்ந்த நிலத்தை நோக்கவில்லை.

அந்நிலம் யாது? யாழ்ப்பாணத்தின் விளைநிலமும் பனந்தோப்பும் மிகப் பெரும்பாலும் வேளாளர் கையில் இருந்தன. ஒல்லாந்தரால் 1707 இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை அவ்வுடைமை உறவுகளுக்குச் சட்டவடிவம் அளித்திருந்தது. ஆங்கிலேயர் 1806 இல் அதனை ஏற்று வலியுறுத்தினர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலை இவ்வுடைமையாளர்க்குப் பணத்தைக் கொணர்ந்தது. அப்பணத்தால் புதல்வர்க்கு ஆங்கிலக் கல்வியும், அக்கல்வியால் அரசாங்க உத்தியோகமும் வாய்த்தன. செமினரியிற் பயின்றோரும் பெரும்பாலும் இக்குடும்பங்களிலிருந்தே வந்தனர். சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு வந்தோரும் அவ்வாறே. எனவே உதயதாரகையும் அதற்கு எதிர்நின்ற சைவ வெளியீடுகளும் ஒரே வாசகரையே தம்பால் ஈர்க்க முயன்றன. ஒரே வர்க்கத்தின் புதல்வரை எவர் கற்பிப்பது என்பதே பிணக்கின் உலகியல் அடிப்படை எனின் அது மிகையாகாது. பிணக்கு உண்மையானது; அதன் எல்லையும் உண்மையானது.

இவ்வெல்லைக்குள் நின்றும் நாவலர் சில வேளைகளில் அதனைக் கடந்து சென்றார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1876 – 1878 காலத்தில் தென்னிந்தியாவைப் பீடித்த பெரும் பஞ்சம், இந்திய அரிசியை நம்பியிருந்த யாழ்ப்பாணத்தையும் தாக்கிற்று. கொள்ளைநோயும் உடன்வந்தது. அப்போது நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து வறியோர்க்கு உணவளித்ததுடன், அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் நிருவாகத்தைக் கண்டித்து எழுதவுஞ் செய்தார். சமய வாதத்தின்பொருட்டுப் பயின்ற உரைநடை, ஆட்சியாளரின் கடமைத் தவறைச் சுட்டும் அரசியல் உரைநடையாக மாறிய தருணம் அது. பஞ்சம் என்னும் பொருளாதார உண்மை பத்திரிகையின் நடையையும் பொருளையும் மாற்றிவிட்டது.

4

இனி, பத்திரிகையின் சிறு பத்திகளுக்கு வருவோம். தலையங்கம் எழுதுவோன் தான் கூற விரும்புவதையே கூறுகின்றான். அரசாங்க அறிவித்தல், காணி விற்பனை விளம்பரம், கப்பல் வரவு, விலைவாசி, பாடசாலைப் பரிசளிப்பு, மரண அறிவித்தல், ஊர்ச் சமாசாரம் ஆகியவற்றில் எழுதுவோனின் கருத்து குறைவு. ஆதலின், அவன் அறியாமலே அவனது சமூகம் அங்கு வெளிப்படுகின்றது. இத்தகைய பத்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் பலவற்றுக்கும் பொதுவாயின. அவற்றைத் தொகுத்து நோக்குவோர் மூன்று வினாக்களை எழுப்பலாம்.

முதலாவது, உணவும் வரியும் பற்றியது. நெல்வரி 1892 இல் நீக்கப்படும்வரை விவசாயியின் தோளில் இருந்தது. அரிசி விலையையும், வரி பற்றிய அரசாங்க அறிவித்தல்களையும், காணி ஏல விளம்பரங்களையும் ஆண்டுவாரியாக ஒருங்குவைத்து நோக்கின், எவ்வாண்டுகளில் சிறுநிலமுடையோர் நிலமிழந்தனர் என்பதை அறிய வழி பிறக்கும். தனித்தனியே கிடக்கும்போது இவை வெறும் அறிவித்தல்கள். ஒருங்கே வைக்கும்போது வர்க்க மாற்றத்தின் பதிவேடு.

இரண்டாவது, நோயும் மருத்துவமும் பற்றியது. 1866 – 1867 இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய வாந்திபேதி பெருந்தொகையினரைப் பலிகொண்டது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்துடன் தொடர்புற்றிருந்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். அறிவியலைத் தமிழிற் கூறுதல் இயலுமா என்னும் வினாவுக்கு அவரும் அவருடைய மாணவரும் அன்றே விடையளித்தனர். ஆயின் அவ்வறிவு கிணற்றடிக்கும் குடிசைக்கும் எந்த அளவிற் சென்றது? பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட சமூகத்தில், தூய நீர் பருகுமாறு கூறும் அறிவுரை எவர்க்குப் பயன்படும்? கிணற்றுரிமையை உடன்வைத்து வாசித்தாலன்றிச் சுகாதாரம் பற்றிய கட்டுரை முழுப்பொருள் தராது.

மூன்றாவது, மொழியும் கற்பனையும் பற்றியது. பத்திரிகைக்கு எழுதுவோன் நேற்று நிகழ்ந்ததை, பெயர் அறிந்த ஊரில் நிகழ்ந்ததை, யாப்பின் துணையின்றிச் சொல்லுதல் வேண்டும். தமிழ் நாவலின் தோற்றத்தை ஆங்கில நாவலின் செல்வாக்கொன்றாலேயே விளக்க முற்படுவோர் இப்பயிற்சியைக் கருத்திற் கொள்வதில்லை. எம். சி. சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். 1885 இல் அசன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டார். இடையில் 1883 இல் எகிப்தியத் தலைவர் ஒறாபி பாசா ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திருந்தார். எகிப்தில் தோன்றிய கதாநாயகன் பம்பாய், கல்கத்தா என நகரும் அந்நாவலின் புவியியல், சுயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் கொணர்ந்த செய்திகளின் புவியியலே. பத்திராதிபரின் மேசையில் குவிந்த உலகமே நாவலாசிரியரின் கற்பனைக்கு இடமளித்தது. 1887 இல் சிங்கப்பூரில் சிங்கை நேசன் தோன்றியமையும் இக்கடல்வழித் தொடர்பின் பிறிதொரு விளைவாகும். உள்ளூர்ப் பத்திரிகையை உள்ளூர்க்குள் மட்டும் வைத்து ஆராய்தல் இயலாது.

5

இதுகாறும் பத்திரிகையில் உள்ளவற்றை நோக்கினோம். இல்லாதவற்றை நோக்குதல் இன்னும் இன்றியமையாதது. நம்முடைய மதிப்பீட்டில் இதுவே இத்துறை ஆய்வின் உரைகல்லாகும்.

உதயதாரகை தோன்றி மூன்றாண்டுகளின் பின், 1844 இல், இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திற் கோவியர், நளவர், பள்ளர் எனப்பட்டோருள் பலர் அதுவரை சட்டப்படி பிறர் உடைமையாய் இருந்தவர்கள். சட்டம் அவர்களை விடுவித்தது, நிலத்தை அளிக்கவில்லை. நேற்றுவரை எவர் நிலத்தில் அடிமையாய் உழைத்தனரோ அவர் நிலத்திலேயே குடிமையாய் உழைக்கவேண்டிய நிலையே பெரும்பாலார்க்கு எஞ்சிற்று. அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணச் சமூகத்தின் அடித்தளத்தைத் தொட்ட பெருநிகழ்ச்சி இது. எனினும் நம் இலக்கிய வரலாறுகளில் விவிலிய மொழிபெயர்ப்புப் பெறும் இடத்தில் பத்திலொன்றையேனும் இது பெறுவதில்லை. காரணம் வெளிப்படை. விடுதலை பெற்றோருக்கு அச்சகம் இல்லை. பத்திரிகைக்குக் கையொப்பமிடும் பணமும் இல்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதினர், அவர்கள் எழுதவில்லை.

மலையகத்து நிலையும் இத்தகையதே. 1830களின் பின் பரவிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென, மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து சென்ற தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பலர் வழியிலேயே மாண்டனர். கோப்பியின் விலையையும் விளைவையும் கொழும்பு ஆங்கில ஏடுகள் ஓயாது எழுதின. தொழிலாளர் அவற்றிற் கூலிவரத்தாக, எண்ணிக்கையாகத் தோன்றினர். 1854 இல் தோட்டங்களில் சமயம் பரப்ப அமைந்த நிறுவனத்தின் பெயரே தமிழ்க் கூலி மிஷன் என்பதாகும். 1869 இல், கோப்பிச் செடியை அழிக்கவிருந்த இலைநோய் தோன்றிய அதே ஆண்டில், ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி வெளிவந்தது. தோட்டவாழ்வைப் பொருளாகக் கொண்ட அச்சுநூல் என்ற வகையில் அது முக்கியமானது. ஆயின் அது தோட்டத்தை நடத்துவோரின் நோக்கிலிருந்தே தோட்டத்தைக் காண்கின்றது. தொழிலாளரின் சொந்தச் சொல் வாய்மொழிப் பாடல்களிலேயே தங்கிற்று.

ஆகவே பத்திரிகையின் மௌனத்தை, நிகழ்ச்சியின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அது எழுத்தின் மீதிருந்த உடைமைக்குச் சான்று. பத்திரிகை ஒரு சாளரம் என்று கூறுவோர், அச்சாளரம் எவருடைய வீட்டில், எத்திசை நோக்கி அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். தலைவாயிலை நோக்கியிருந்த சாளரத்தின் வழியே புறவளவைக் காணமுடியாது. புறவளவை அறியப் பிற சான்றுகளை நாடவேண்டும்: நீதிமன்றப் பதிவுகள், மிஷனரிமாரின் அறிக்கைகள், வாய்மொழிப் பாடல்கள், குடும்ப நினைவுகள். பிற்கால இலக்கியத்தையும் இவற்றோடு சேர்க்கலாம். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972), அதனையடுத்து வந்த 'அடிமைகள்' முதலிய நாவல்களின் வரலாற்றுப் பெறுமதி இங்குதான் உள்ளது. அச்சேறாத வாழ்வின் நினைவை, அவ்வாழ்விலிருந்து வந்த ஒருவர் அச்சேற்றினார். அவற்றைக் கலையமைதி ஒன்றையே கொண்டு அளந்து ஒதுக்குவோர், இந்தச் சான்றையும் உடன் ஒதுக்கிவிடுகின்றனர்.

6

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். நாம் இன்று பழைய பத்திரிகைகளைப் பெரும்பாலும் முழுமையாக வாசிப்பதில்லை. பிற்காலத்தவர் தத்தம் தலைவர்களின் சரித்திரத்தை எழுதுதற்கும் தத்தம் சமயத்தின் வெற்றியை நிறுவுதற்கும் பெயர்த்தெடுத்த பகுதிகளையே வாசிக்கின்றோம். அங்ஙனம் பெயர்த்தெடுக்கும்போது முதலில் விடுபடுவன விலைப்பட்டியலும் ஏல விளம்பரமும் ஊர்ச் சமாசாரமுமே. வாதம் நிலைத்தது, வாழ்வு உதிர்ந்தது. எழுதியோரின் வர்க்க நோக்கு ஒருமுறை தெரிவுசெய்தது. தொகுத்தோரின் வர்க்க நோக்கு மீண்டுமொருமுறை தெரிவுசெய்தது.

இக்குறையை மூல இதழ்களை நாடித் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்த நம்பிக்கைக்குப் பேரிடி 1981 இல் வீழ்ந்தது. அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அரிய ஏடுகளும் பழம் பத்திரிகைகளும் அவற்றோடு சாம்பலாயின. பின்வந்த போர் ஆண்டுகள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் எஞ்சியிருந்தவற்றையும் சிதைத்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் போன்ற முயற்சிகள் எஞ்சியவற்றைத் திரட்டி யாவர்க்கும் எட்டச் செய்துவருகின்றமை நன்றிக்குரியது. ஆயின் சேகரிப்பும் தெரிவின்றி நிகழ்தல் வேண்டும். புகழ்பெற்ற கட்டுரை உள்ள இதழைப் பேணி, விளம்பரம் மட்டும் உள்ள பக்கத்தை விட்டுவிடுவோமாயின், நூற்றாண்டுக்கு முன்னர் நிகழ்ந்த அதே தெரிவை நாமும் செய்தோராவோம்.

பல்கலைக்கழக மாணவர் முன் உள்ள பணி இதுவே. ஒரு மாவட்டத்தை, ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் இதழ்கள் அனைத்திலும் உள்ள விலை, வரி, காணி, நோய், குடிபெயர்வு பற்றிய குறிப்புகளை ஒருவர் தொகுப்பாராயின், 'மறுமலர்ச்சிக் காலம்' என நாம் வழங்கும் தொடரை மீளச் சிந்திக்கவேண்டியிருக்கும். எவர்க்கு அது மலர்ச்சி, எவர் உழைப்பில் அது மலர்ந்தது என்னும் வினாவை அப்போது தவிர்க்கவியலாது. லண்டன் ஏட்டின் மூலையில் கிடந்த ஒரு தையற்பெண்ணின் மரணச் செய்தி, ஓர் உற்பத்திமுறையின் இயல்பை உலகுக்கு உணர்த்தப் போதியதாயிருந்தது. நம்முடைய பழம் ஏடுகளின் மூலைகளிலும் அத்தகையோர் பெயரின்றிக் கிடக்கின்றனர். அவர்களைத் தேடி வாசித்தல் ஆய்வாளரின் கடமை. அது மக்கள் சார்பான இலக்கிய வரலாற்றின் தொடக்கமுமாகும்.